டாக்குமென்ட்டாக அனுப்பிய படங்கள் என் முகவரியைச் சொல்லிவிட்டனவா?

பள்ளிக்குப் போகும் ஒரு பெண் குழந்தையின் தாய் எழுதிய கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

விவாகரத்தாகி ஒன்றரை வருடம் ஆகிறது. பிரிவதற்கு முன்பே கணவர் இவருடைய அலுவலகம் வரை பின்தொடர்ந்து வந்து, வாசலில் நின்று சத்தம் போட்டிருக்கிறார். அந்தப் பயத்தில் மகளோடு வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தவர், புது முகவரியை மிக நெருங்கியவர்களைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இருவரும் ஒப்புக்கொண்டபடி, வாரம் ஒருமுறை மகளின் படங்களை வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பியாக வேண்டும். கொஞ்ச நாள் போனதும் அவர், "படம் மங்கலா வருது, பிரிண்ட் போட முடியல. டாக்குமென்ட்டா அனுப்பு" என்று கேட்டிருக்கிறார். இவரும் அன்றிலிருந்து அப்படியே அனுப்பி வந்திருக்கிறார். போன மாதம் அவரிடமிருந்து ஒரு செய்தி. புது வீட்டின் தெருப்பெயரைச் சொல்லி, "வீடு வசதியா இருக்கா? செவ்வாய், வியாழன் டான்ஸ் கிளாஸ் முடிய லேட் ஆகுதே, அவளை யார் கூட்டிட்டு வர்றா?"

பதறிப்போன இவர், அனுப்பிய படங்களில் சிலவற்றை 'எல்லோருக்கும் நீக்கு' என்று கொடுத்து அழித்துவிட்டார். போனை முழுவதும் அழித்து ரீசெட் செய், நம்பரை மாற்று என்கிறார் தம்பி. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் புகார் கொடு என்கிறார் தோழி. "நான் ஃபேஸ்புக்கில் இல்லை, இன்ஸ்டாகிராமில் இல்லை, லொக்கேஷனையும் ஆஃப் பண்ணித்தான் வைத்திருக்கிறேன். அப்படியென்றால் என் போன் ஹேக் ஆகியிருக்கிறதா? படம் அனுப்புவதை அடியோடு நிறுத்திவிடலாமா? அல்லது படத்தில் வேறு ஊரின் லொக்கேஷனைப் போட்டு அனுப்பி அவரைத் திசைதிருப்பலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

போன் ஹேக் ஆகியிருக்குமோ என்ற பயம்தான் கடிதம் முழுக்கத் தெரிகிறது. அதற்கு வாய்ப்பே இல்லை என்று போனைப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அவர் ஹேக் செய்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. போகிற போக்கில் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் அந்த 'டாக்குமென்ட்' விஷயம் ஒன்றே போதும்.

வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை வழக்கம்போல் படமாக அனுப்பினால், செயலி அதைச் சுருக்கிப் புதிதாக ஒரு ஃபைல் தயாரித்து அனுப்புகிறது. படத்தோடு ஒட்டியிருந்த தகவல்களெல்லாம் அந்த இடத்திலேயே உதிர்ந்துவிடும். அதே படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பினால், உங்கள் போனில் இருக்கும் ஃபைல் துளியும் மாறாமல் அவர் கைக்குப் போகும். படம் பளிச்சென்று இருப்பதற்கும் அதுதான் காரணம், எடுத்த இடம் கூடவே போவதற்கும் அதுதான் காரணம். டெலிகிராமிலும் இதே கதைதான்: படமாகப் போனால் ஒன்று, ஃபைலாகப் போனால் வேறு. மின்னஞ்சலில் இணைத்தாலும், டிரைவில் ஏற்றி லிங்க் கொடுத்தாலும் அசல் ஃபைல்தான் போகும்.

பிரிண்ட் போட்ட போட்டோவின் பின்பக்கம் தேதியும் இடமும் எழுதி வைப்பார்கள் அல்லவா, அதைக் கேமரா தானாகவே எழுதிக்கொள்கிறது. எக்ஸிஃப் என்று இதற்குப் பெயர். 1995-இல் ஜப்பானிய மின்னணுத் தொழில் அமைப்பு ஒன்று வகுத்த முறை. இன்று ஏறக்குறைய எல்லாப் போன் கேமராக்களும் இதைப் பின்பற்றுகின்றன. எந்தக் கேமரா, எந்த நாள், எத்தனை மணி எத்தனை நிமிடம் எத்தனை விநாடி என்பதோடு, லொக்கேஷன் அனுமதி இருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல் மட்டத்திலிருந்து உயரம், சில போன்களில் கேமரா எந்தத் திசையைப் பார்த்திருந்தது என்பதுவரை பதிவாகும். தசமப் புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் இருந்தால் கிட்டத்தட்ட 11 மீட்டருக்குள் இடம் சிக்கிவிடும். ஐந்து இலக்கம் என்றால் ஒரு மீட்டர் சொச்சம். போனின் ஜிபிஎஸ் அவ்வளவு துல்லியமாக எப்போதும் வேலை செய்யாது. திறந்த வெளியில் சில மீட்டர், கட்டடத்துக்குள் இன்னும் அதிகமாகத் தள்ளிப் போகும். ஆனாலும் ஒரு தெருவைக் கண்டுபிடிக்க அது தாராளம்.

இதைப் படிக்க எந்த நிபுணத்துவமும் தேவையில்லை என்பதுதான் கவலை. வந்த ஃபைலைச் சேமித்து, போனின் கேலரியில் திறந்து விரலால் மேலே தள்ளினால் போதும், கீழே வரைபடமே வந்துவிடும்.

அவர் இதைத் திட்டமிட்டுத்தான் கேட்டாரா? பிரிண்ட் போடத் தெளிவான படம் வேண்டும் என்று ஒரு தகப்பன் கேட்பதில் தவறு காண முடியாது. ஆனால் அதற்குப் பின்னால் வந்த செய்தி, சந்தேகத்தின் பலனை அவருக்குத் தர விடாமல் செய்கிறது. 'நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்' என்று காட்டுவதற்காகவே எழுதப்பட்ட செய்தி அது.

முதலில் இதைச் சோதித்துப் பாருங்கள்

வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பிய டாக்குமென்ட்டுகளில் இன்னும் அழிக்காதது ஏதாவது இருந்தால், அதைத் திறந்து விவரங்களைப் பாருங்கள். அழித்துவிட்டிருந்தாலும் பரவாயில்லை, அந்தப் படங்களின் அசல் உங்கள் கேலரியில் இருக்கும். ஐபோனாக இருந்தால் படத்தைத் திறந்து மேலே தள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் ஃபோட்டோஸ் இருந்தால் அதிலும் அப்படியே. சில போன்களின் சொந்தக் கேலரியில் 'விவரங்கள்' என்று ஒரு மெனு இருக்கும். ஒன்றில் கவனம் தேவை. கூகுள் ஃபோட்டோஸ் சில படங்களுக்குத் தானாகவே இடத்தை ஊகித்துக் காட்டும். அது படத்தின் ஃபைலுக்குள் இருப்பது ஆகாது. சந்தேகமாக இருந்தால் படத்தின் ஒரு நகலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, விண்டோஸில் வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்', அதற்குள் 'டீடெயில்ஸ்' பாருங்கள். ஜிபிஎஸ் என்ற தலைப்பின் கீழ் எண்கள் இருந்தால் விஷயம் உறுதி.

ஒரு படத்தோடு நிற்காதீர்கள். வீட்டில் எடுத்தது, பள்ளி வாசலில் எடுத்தது, டான்ஸ் கிளாஸில் எடுத்தது என்று ஒரு பத்துப் படங்களை வரிசையாகப் பார்த்து, இடத்தையும் நாளையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். செவ்வாய் மாலை 6.50, வியாழன் மாலை 6.48, மறுபடி செவ்வாய் 6.55, எல்லாம் ஒரே கட்டடம் என்று வந்தால், அவர் எழுதிய அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்பது உங்கள் கண்முன் தெரிந்துவிடும். வீட்டு முகவரி கசிந்துவிட்டதே என்றுதான் எல்லோரும் பதறுவார்கள். முகவரியைவிட இந்த நேர அட்டவணைதான் எனக்குக் கவலை தருகிறது. முகவரி ஒரு கதவைக் காட்டுகிறது. கதவுக்குப் பூட்டு உண்டு. குழந்தை எந்தக் கிழமையில் எத்தனை மணிக்கு எந்த வாசலில் வெளியே வருவாள் என்பதற்குப் பூட்டு கிடையாது.

அதனால் இன்றே செய்ய வேண்டிய முதல் காரியம் போனில் இல்லை. பள்ளியிலும் கிளாஸிலும் போய், குழந்தையை அழைத்துப்போக யார் யாருக்கு அனுமதி என்பதை எழுத்தில் கொடுங்கள். கிளாஸ் நேரத்தை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்.

"லொக்கேஷன் ஆஃப்லதான் இருக்கு"

இந்த வரியை நான் அடிக்கடி கேட்கிறேன். சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. மேப்பைத் திறப்பதில்லை, யாருக்கும் லைவ் லொக்கேஷன் அனுப்புவதில்லை, ஆகவே ஆஃப் என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் போன் வாங்கிய அன்று கேமராவை முதன்முதலாகத் திறந்தபோது, படம் எடுக்கும் இடத்தைப் பதிவு செய்யலாமா என்று அது கேட்டிருக்கும். அவசரத்தில் 'சரி' என்று தட்டியிருப்பீர்கள். அன்று கொடுத்த அனுமதி இன்றுவரை செல்லும். சிலர் ஏரோபிளேன் மோடில் எடுத்தால் பதிவாகாது என்று நம்புகிறார்கள். ஜிபிஎஸ் என்பது செயற்கைக்கோள் அனுப்பும் சிக்னலைக் கேட்டுக்கொள்ளும் வேலை மட்டுமே. பல போன்களில் ஏரோபிளேன் மோடிலும் அது நடக்கும்.

சமூக வலைத்தளத்தில் இல்லாததால் பாதுகாப்பு என்பதும் பாதிதான் சரி. சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற பெரிய தளங்கள் நீங்கள் ஏற்றும் படத்திலிருந்து லொக்கேஷனை நீக்கிவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் காட்டுகின்றன. நிறுவனம் தனக்கென்று அதை வைத்துக்கொள்வது வேறு விவகாரம்; பார்க்கிறவர் கைக்கு அது போவதில்லை. ஆக, ஊருக்கே காட்டும் இடத்தைவிட, ஒருவருக்கு மட்டும் என்று நம்பி அனுப்பும் டாக்குமென்ட்டிலும் மெயிலிலும் டிரைவ் லிங்கிலும்தான் இந்தக் கசிவு அதிகம்.

இதில் ஏமாந்தது நீங்கள் மட்டுமில்லை. மென்பொருள் பாதுகாப்பிலேயே பேர் எடுத்த ஜான் மெக்காஃபி, 2012 டிசம்பரில் பெலீஸ் நாட்டுப் போலீஸ் விசாரணைக்குத் தேடிக்கொண்டிருந்தபோது தலைமறைவாக இருந்தார். அவரோடு இருந்த ஒரு பத்திரிகைக்காரர்கள் குழு, அவரைப் பெருமையாகப் படம் எடுத்துத் தங்கள் இணையதளத்தில் போட்டது. ஐபோனில் எடுத்த அந்தப் படத்தின் எக்ஸிஃபில், அவர் குவாத்தமாலாவில் எந்த இடத்தில் இருந்தார் என்ற எண்கள் அப்படியே இருந்தன. சில நாட்களுக்குள் அவர் அங்கே கைதானார். கம்ப்யூட்டர் வைரஸ் எதிர்ப்புக்கே தன் பெயரைக் கொடுத்தவர் கூட இருந்தும் நடந்தது இது. குழந்தையின் படத்தைத் தகப்பனுக்கு அனுப்பிய ஒரு தாய் தன்னைத்தானே நொந்துகொள்ள இதில் ஒன்றும் இல்லை.

சோதனையில் எந்தப் படத்திலும் இடம் இல்லை என்று வந்தால்? அப்போது வேறு வழிகளைப் பார்க்க வேண்டும். சேர்ந்து வாழ்ந்த காலத்தில் தொடங்கிய கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு இன்னும் அவருடைய ஏதாவது ஒரு கருவியில் லாகின் ஆகியிருக்கலாம். கணக்கின் அமைப்புகளில் எந்தெந்தக் கருவிகள் இணைந்திருக்கின்றன என்ற பட்டியல் இருக்கும், பாருங்கள். மேப்பில் லொக்கேஷன் ஷேரிங் எப்போதோ ஆன் செய்தது அப்படியே கிடக்கலாம். மகளின் டேப்லெட் யார் கணக்கில் ஓடுகிறது? அவர் வாங்கிக்கொடுத்த பொருளாக இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அவர் அனுப்பிய பை, பொம்மை ஏதாவது இருந்தால் அதில் சின்ன டிராக்கர் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். 2024 மே மாதத்திலிருந்து ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து, அறிமுகமில்லாத டிராக்கர் ஒன்று கூடவே வந்தால் போனில் எச்சரிக்கை காட்டும் முறையைக் கொண்டுவந்திருக்கின்றன. ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். உறவினர் யாராவது வாய்தவறிச் சொல்லியிருக்கவும் கூடும். என் அனுபவத்தில், தொழில்நுட்பத்தின் மேல் பழிபோட்ட சில விஷயங்கள் கடைசியில் ஒரு சித்தியின் வாயில் போய் முடிந்திருக்கின்றன.

ஃபைலில் இல்லாவிட்டாலும் படத்தில் இருக்கும்

லொக்கேஷனை நீக்கிவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 2019-இல் ஜப்பானில் ஒரு இளம் பாடகியை அவருடைய ரசிகர் ஒருவர் வீடுவரை தேடிப்போய்த் தாக்கினார். போலீஸிடம் அவர் சொன்னது இது: பாடகி பகிர்ந்த செல்ஃபிகளைப் பெரிதாக்கி, கண்ணின் கருமணியில் பிரதிபலித்த காட்சியைப் பார்த்தார், அதை இணையத்தில் கிடைக்கும் தெருக் காட்சிப் படங்களோடு ஒப்பிட்டு, எந்த ரயில் நிலையம் என்று கண்டுபிடித்தார், அங்கே காத்திருந்து பின்தொடர்ந்தார். வீடியோவில் திரைச்சீலை எங்கே இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதைக்கூடக் கவனித்ததாகச் செய்திகள் வந்தன. அவர் சொன்னபடி பார்த்தால், இதற்கு எக்ஸிஃப் தேவைப்படவே இல்லை.

உங்கள் விஷயத்தில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பள்ளிச் சீருடையில் இருக்கும் பேட்ஜ், கிளாஸ் வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை, பால்கனியில் மகள் நிற்கும்போது பின்னால் தெரியும் கட்டடத்தின் பெயர், மேசை மேல் கிடக்கும் முகவரி எழுதிய கூரியர் கவர், நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட் போதும். படத்தை அனுப்பும் முன் மகளின் முகத்தைப் பார்க்காமல் ஓரங்களை மட்டும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சுவருக்கு முன்னால் எடுத்த படம் அழகு குறைவாக இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். கிராப் செய்வதாக இருந்தால், கிராப் செய்த பிறகு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புங்கள். சில செயலிகளில் கிராப் செய்தாலும் முழுப் படத்தின் சிறு வடிவம் ஃபைலுக்குள் தங்கிவிடும். ஸ்க்ரீன்ஷாட்டில் அந்தச் சிக்கல் இல்லை, படம் எடுத்த இடமும் அதில் வராது.

தயவுசெய்து இனி எதையும் அழிக்காதீர்கள்

'எல்லோருக்கும் நீக்கு' என்று கொடுத்ததால் அவருடைய சாட்டில் படம் மறைந்திருக்கலாம். ஆனால் டவுன்லோட் செய்து வேறு இடத்தில் வைத்திருந்தால் அதை உங்களால் தொட முடியாது. அவர் கையில் நகல் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பாருங்கள். இதில் நஷ்டம் உங்களுக்குத்தான். எப்போது, எந்த வடிவில், யார் கேட்டதால் அனுப்பினீர்கள் என்பதைச் சொல்லும் சாட்சி அந்த உரையாடல்தான்.

தம்பியின் யோசனை அக்கறையில் சொன்னது. ஆனால் இப்போது போனை ரீசெட் செய்தால் இரண்டு இழப்பு. உளவுச் செயலி ஏதாவது இருந்தால் அதன் தடயம் போய்விடும். படங்களும் உரையாடலும் போய்விடும். அவருடைய செய்தியைத் தேதி, நேரம், எண் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். "டாக்குமென்ட்டா அனுப்பு" என்ற பழைய செய்தியையும் அப்படியே எடுங்கள். சாட் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து உங்களுக்கு மட்டும் தெரிந்த புது மெயில் கணக்கில் சேமியுங்கள். சோதித்துப் பார்த்த அசல் படங்களை எடிட் செய்யாமல், லொக்கேஷனை நீக்காமல் ஒரு பென் டிரைவில் தனியாக வையுங்கள். நீக்குவதெல்லாம் நகலில் மட்டும். பிறகு கையால் ஒரு குறிப்பு: எந்தத் தேதியில் என்ன நடந்தது, வரிசையாக. எக்ஸிஃப் என்பது யாராலும் மாற்றக்கூடியது, ஆகவே அது ஒன்றே எங்கும் நிற்காது. உரையாடலும் தேதிக் குறிப்பும் சேர்ந்தால்தான் அதற்கு எடை வரும்.

போலி லொக்கேஷன் போட்டு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஐபோனில் படத்தின் இடத்தை மாற்றும் வசதி இருக்கிறது, தொழில்நுட்ப ரீதியில் இரண்டு நிமிட வேலை. வேண்டாம் என்றுதான் சொல்வேன். அவருக்கு ஏற்கெனவே தெருப்பெயர் தெரியும், திடீரென்று மகள் வேறு ஊரில் இருப்பதாகப் படம் சொன்னால் அவர் நம்பப் போவதில்லை. நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்பதுதான் தெரியும். அதைவிட முக்கியம், நாளை இது வழக்காக வந்தால் 'படத்தின் தகவலைத் திருத்தி அனுப்பியது இவர்தான்' என்று உங்களை நோக்கியே விரல் திரும்பும். இடம் இல்லாமல் அனுப்புவது உங்கள் உரிமை. பொய்யான இடத்தோடு அனுப்புவது வீண் வம்பு.

சட்டம் எதுவரை உதவும்

தோழி சொன்ன தகவல் பாதுகாப்புச் சட்டம் இங்கே சரியான கருவி இல்லை. அந்த வகைச் சட்டங்கள் பெரும்பாலும் நிறுவனங்களையும் அமைப்புகளையும் கட்டுப்படுத்த வந்தவை. இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2018 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. தனிநபர் தகவல் எது என்று சொல்லும் இடத்தில் அது இருப்பிடத் தகவலைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆனால் அதே சட்டம், ஒரு தனி மனிதர் தன் சொந்த, குடும்பக் காரியத்துக்காகத் தகவலைக் கையாள்வதைத் தன் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டது. முன்னாள் கணவர் நிறுவனம் இல்லையே. படங்களை அவர் எங்காவது ஒரு தளத்தில் ஏற்றினால், அந்தத் தளத்திடம் நீக்கச் சொல்லிக் கேட்கும் வழி உண்டு; குழந்தைகளின் படம் என்றால் பெரிய தளங்களில் அதற்குத் தனிப் படிவமே இருக்கும். அதற்கு மேல் அந்தச் சட்டத்திடம் எதிர்பார்க்காதீர்கள்.

உங்களுக்கு வேலை செய்யக்கூடியது வேறு இரண்டு. ஒன்று, பின்தொடர்தல், மிரட்டல், குடும்ப வன்முறை ஆகியவற்றுக்கான சட்டங்கள். அலுவலக வாசலில் நடந்தது, இப்போது வந்த செய்தி இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தொடர்ச்சி தெரிகிறது. தனித்தனியே பார்த்தால் 'அக்கறையில் கேட்டேன்' என்று அவர் சொல்லித் தப்பிக்க இடமிருக்கிறது. அதனால்தான் தேதிக் குறிப்பை வலியுறுத்தினேன். இன்னொன்று, உங்கள் விவாகரத்து ஒப்பந்தம். அதை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். நீங்கள் ஒருவேளை விரும்பாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: குழந்தை எங்கே வசிக்கிறாள் என்று தெரிந்துகொள்ள அந்த ஒப்பந்தம் தகப்பனுக்கு உரிமை கொடுத்திருக்கவும் கூடும். அப்படி இருந்தால், பாதுகாப்புக் காரணத்தைக் காட்டி முகவரியை ரகசியமாக வைக்க நீதிமன்றத்திடம் கேட்கலாம். கேட்காமல் நீங்களாகவே மறைத்துவைத்தால் அது உங்களுக்கு எதிராகவே திரும்பலாம்.

இதே காரணத்தால், படம் அனுப்புவதை அடியோடு நிறுத்த வேண்டாம். ஒப்பந்தத்தை மீறியது நீங்கள் என்று ஆகிவிடும். எப்படி அனுப்புவது என்பதை மாற்றிக்கொள்ள யார் அனுமதியும் தேவையில்லை.

இனி அனுப்பும் விதம்

ஐபோனில் அமைப்புகள், பிரைவசி, லொக்கேஷன் சர்வீசஸ், அதற்குள் கேமரா என்று போய் 'நெவர்' கொடுங்கள். ஆண்ட்ராய்டில் கேமராவைத் திறந்து அதன் செட்டிங்ஸில் லொக்கேஷனைப் பதிவு செய்யும் பொத்தானை அணையுங்கள். மகளின் டேப்லெட்டிலும் செய்யுங்கள். இது இனி எடுக்கப்போகும் படங்களுக்கு மட்டுமே பொருந்தும். பழைய படங்களில் இடம் அப்படியே இருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய படத்தை அனுப்ப வேண்டுமானால், ஐபோனில் ஷேர் திரையின் மேலே இருக்கும் 'ஆப்ஷன்ஸ்' தட்டி லொக்கேஷனை அணைத்து அனுப்பலாம். கம்ப்யூட்டரில் விண்டோஸ் என்றால், முன்பு சொன்ன 'டீடெயில்ஸ்' பக்கத்தின் அடியிலேயே தனிப்பட்ட தகவல்களை நீக்கிய நகல் எடுக்கும் வசதி இருக்கிறது. வீடியோவிலும் இடம் பதிவாகும், அதை விட்டுவிடாதீர்கள்.

அவருக்கு அனுப்பும்போது படமாகவே அனுப்புங்கள். தெளிவு வேண்டும் என்றால் எச்டி என்ற தேர்வு இருக்கிறது, பிரிண்ட் போட அது போதும். முதல் தடவை, அதே முறையில் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி, அவர் போனில் சேமித்து விவரங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் போனில் என்ன தெரிகிறது என்பது கணக்கில்லை, போய்ச் சேர்ந்த ஃபைலில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. படம் எடுத்த அன்றே அனுப்பாமல் சில நாள் தள்ளி, கலந்து அனுப்புங்கள். கிளாஸ், பள்ளி வாசல் படங்கள் வேண்டாம்.

"ஏன் டாக்குமென்ட்டா அனுப்பல?" என்று நிச்சயம் கேட்பார். "எச்டியில அனுப்பியிருக்கேன், பிரிண்ட்டுக்கு சரியா வரும்" என்ற ஒரு வரி போதும். எக்ஸிஃப், லொக்கேஷன், நீங்கள் கண்டுபிடித்தது எதைப் பற்றியும் அவரிடம் பேச வேண்டாம். கையிலிருந்த பிடி நழுவுகிறது என்று தெரியும்போதுதான் இப்படிப்பட்டவர்கள் நேரில் வரத் துணிகிறார்கள். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் பள்ளிக்கும் கிளாஸுக்கும் எழுத்தில் கொடுப்பது, பிறகு ஆதாரங்களைச் சேமிப்பது, பிறகு வக்கீல், அதன் பிறகே அனுப்பும் முறையை மாற்றுவதும் பாஸ்வேர்டுகளை மாற்றுவதும். உளவுச் செயலி இருக்குமோ என்ற சந்தேகம் மீதி இருந்தால், இந்த ஏற்பாடுகளைப் பற்றிய பேச்சை அந்தப் போனில் வைத்துக்கொள்ளாமல் வேறொருவர் போனைப் பயன்படுத்துங்கள். அந்த வாரத்தின் படங்கள் அனுப்ப வேண்டிய நாள் இடையில் வந்தால், பழைய படம் ஒன்றிரண்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பிச் சமாளியுங்கள்.

இதற்கிடையில் அவர் வீட்டு வாசலிலோ பள்ளி வாசலிலோ வந்து நின்றால், பேசிப் பார்க்கலாம் என்று கதவைத் திறக்க வேண்டாம். உடனே போலீஸ் அவசர எண்ணை அழையுங்கள். இப்போதே அருகில் உள்ள காவல் நிலையத்தில் நடந்ததைச் சொல்லி ஒரு மனு கொடுத்து வைத்திருந்தால், அன்றைக்கு முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்காது.